வேது பிடிக்கும் கருவியில் ஆவி குறைவா?

மின்சாரத்தில் வேது பிடிக்கும் கருவியில் ஆவி மெல்லிசாக வந்தால், போத்தல் தண்ணீருக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

விலை குறைந்த பிளாஸ்டிக் கருவிகள் பலவற்றில் சூடேறும் கம்பி கிடையாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீருக்குள்ளாலேயே கறண்ட் பாய்ந்துதான் கொதிக்கிறது. வடிகட்டிய போத்தல் தண்ணீரில் உப்புகள் குறைவு, அதனால் கறண்டும் குறைவாகத்தான் பாயும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பதால் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கும், அந்தக் குறை வராது. நொச்சி இலை போட்ட பானையோடு பழகிய எனக்கு முதலில் இந்தச் சின்னக் கருவியில் நம்பிக்கையே இல்லை. இப்போது தடிமன் என்றால் இதைத்தான் எடுக்கிறேன்.

அடியில் சூட்டுத் தட்டு உள்ள கருவிக்கு இது சரிவராது. அதற்குப் போத்தல் தண்ணீரே நல்லது, இல்லாவிட்டால் தட்டு வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்ததைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்தால் கழரும். கடற்கரைப் பக்கத்து உவர்த் தண்ணீரும் வேண்டாம். கறண்டைக் கூடுதலாக இழுத்துப் பொங்கி வழியும்.

முக்கியமாக, பிளக்கைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் தண்ணீரைத் தொடவே கூடாது. அதில் கறண்ட் ஓடுகிறது.