வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது ஹார்டு டிஸ்க்: கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்வது எப்படி?

கேரள-தமிழ்நாடு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மேனோன்பாறை பக்கம் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் சாமான் வாங்க ஒன்று பாலக்காடு போக வேண்டும், இல்லையென்றால் பொள்ளாச்சி. பெரிய கடையாகப் பார்த்து வாங்க நினைத்தால் கோயம்புத்தூர். மலையாளமோ தமிழோ, எங்கே போனாலும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ஜிபி?" பதில் தெரியாமல் விழித்தால், அவரிடம் விற்காமல் தேங்கிக் கிடக்கும் சரக்கு நம் பைக்குள் வந்துவிடும். ஆகவே ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டிய எல்லாமே வீட்டிலேயே தெரிந்துகொள்ளக் கூடியவை.

படி 1: உங்கள் பெட்டியில் எது பொருந்தும்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனால், இப்போது இருப்பது எஸ்எஸ்டியா (சிப்பில் தகவலைச் சேமிப்பது) ஹெச்டிடியா (தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்) என்று போட்டிருக்கும். அடுத்து ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரியில் உங்கள் மதர்போர்டின் பெயர் இருக்கும். அதைச் சீட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தில் பயோஸ் மோடு என்ற வரிக்கு நேராக யூஇஎஃப்ஐ, லெகசி இரண்டில் எது இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் துவங்கும் முறை அது, படி 6-ல் தேவைப்படும்.

அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். மதர்போர்டில் சின்னதாக எல் வடிவச் சொருகிகள் தெரியும். அவைதான் டிஸ்க்கின் கேபிளைச் சொருகும் சாட்டா. எத்தனை காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். எம்.2 என்று அச்சிட்ட குறுகலான படுக்கைச் சொருகி இருந்தால் அதையும் எழுதுங்கள். இன்டெல் 4-ஆம் தலைமுறைக் காலத்து ஹெச்81 போர்டுகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் எம்.2 இருக்காது. சாட்டா நான்கு இருக்கும், ஆனால் அதில் இரண்டுக்குத்தான் நொடிக்கு 6 ஜிகாபிட் வேகம். மற்ற இரண்டும் பாதி வேகம். எது எது என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

எம்.2 சொருகி இருந்தாலும் உடனே மகிழ வேண்டாம். அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை எஸ்எஸ்டி வருகிறது. பார்க்க ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் சில போர்டுகள் ஒன்றைத்தான் ஏற்கும். போர்டின் பெயரை இணையத்தில் தேடி, தயாரிப்பாளரின் பக்கத்தில் ஸ்டோரேஜ் என்ற பகுதியைப் படித்தால் விடை கிடைத்துவிடும்.

படி 2: எஸ்எஸ்டியா, சுழலும் டிஸ்க்கா?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. கேட்ட தகவல், அதைப் படிக்கும் தலைக்கு நேராக வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடி ஆகும். அதற்கு முன் அந்தத் தலையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு ஒன்பது மில்லிநொடி. கூட்டிப் பார்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு தகவல்களை நொடிக்கு எண்பது தடவைபோலத்தான் அதனால் எடுத்துத்தர முடியும். தென்னந்தோப்பில் ஒவ்வொரு காய்க்கும் தனியாக ஒரு மரம் ஏறி இறங்குகிற வேலை. விண்டோஸ் துவங்கும்போது கேட்பதெல்லாம் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு தகவல்கள். எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் எதுவும் இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் தடவை செய்துவிடும்.

ஆகவே "கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது" என்பது உங்கள் குறை என்றால், எத்தனை டிபி (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி) சுழலும் டிஸ்க் வாங்கினாலும் அது தீராது. விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை போகும், என்விஎம்இ 3500, 7000 என்று போகும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் இந்த எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டு உபயோகத்தில், சுழலும் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதுதான் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அதற்குமேல் என்விஎம்இக்குப் போவதைப் பெரிய வீடியோ கோப்புகளோடு வேலை செய்பவர்கள்தான் உணர்வார்கள். உங்களுடையது பழைய போர்டாக இருந்தால் சாட்டாவே போதும். பின்னால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டிக்கு அதிகம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சுழலும் டிஸ்க்குக்கும் வேலை இருக்கிறது. கல்யாண வீடியோ, பத்து வருஷத்துப் போட்டோ, சினிமா என்று சேர்த்து வைக்க ஒரு டிபிக்கு ஆகும் விலையில் அதை எஸ்எஸ்டி நெருங்க முடியாது. இன்னொன்று: எஸ்எஸ்டியை மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்தால் தகவல் அழியும் வாய்ப்பு உண்டு. எடுத்து வைக்கும் நகலுக்குச் சுழலும் டிஸ்க்தான் என் தேர்வு.

படி 3: எத்தனை ஜிபி?

விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. அது வாசலைத் தாண்ட மட்டும். ஆஃபீஸ், அப்டேட், பிள்ளைகள் ஏற்றும் விளையாட்டு எல்லாம் சேர்த்தால் 256 ஜிபி குறைந்தபட்சம், 512 இருந்தால் நிம்மதி. சேமிப்பு டிஸ்க்குக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள்: போன் போட்டோ ஒன்று 3 முதல் 5 எம்பி, சாதாரண ஃபுல் ஹெச்டி வீடியோ நிமிடத்துக்கு நூறு எம்பிக்கு மேல், 4கே என்றால் அதைப்போல மூன்று மடங்கு. இப்போது வைத்திருப்பதைப்போல இரண்டு மடங்கு இடம் வாங்குங்கள்.

1 டிபி வாங்கிவிட்டு விண்டோஸில் 931 ஜிபிதான் தெரிகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தை வைத்து எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஐ வைத்து எண்ணுகிறது. அவ்வளவுதான்.

படி 4: லேபிளில் பார்க்க வேண்டியவை

சுழலும் டிஸ்க் தயாரிப்பது இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூன்றே நிறுவனங்கள். "எது நல்ல பிராண்டு?" என்று கேட்பதைவிட எந்த வரிசை என்று கேட்பது பயனுள்ளது. வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் சிசிடிவிக்காகச் செய்தவை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவை வேண்டாம்.

சில டிஸ்க்குகளில் ஒரு தடத்தின் ஓரம் இன்னொன்றின்மேல் ஏறும்படி எழுதி இடத்தை மிச்சப்படுத்துவார்கள். அதற்கு எஸ்எம்ஆர் என்று பெயர். ஒருமுறை எழுதிப் பலமுறை பார்ப்பதற்கு அது போதும். அடிக்கடி அழித்து எழுதினால் இழுவை. அப்படி எழுதாதது சிஎம்ஆர். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில மாடல்களில் எஸ்எம்ஆரைச் சொல்லாமல் பயன்படுத்தியது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன்பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். சீகேட் தன் மாடல்களில் எது எந்த வகை என்ற பட்டியலை இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

எஸ்எஸ்டியில் டிபிடபிள்யூ என்ற எண் இருக்கும். மொத்தம் எத்தனை டிபி எழுதும் வரை வாரண்டி என்பது அதன் பொருள். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு அது 600, வாரண்டி 5 வருஷம். அதாவது ஐந்து வருஷமும் தினம் 300 ஜிபிக்கு மேல் எழுதினால்தான் தீரும். "எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ஞ்சிடும்" என்று பயமுறுத்துபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

படி 5: கடையில்

இந்தப் பக்கம் வாங்கினால் வரி கம்மி, அந்தப் பக்கம் ஜாஸ்தி என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கேரளா, தமிழ்நாடு இரண்டிலும் ஒரே விகிதம்தான். எல்லையில், வாளையாற்றில் யாரும் உங்கள் பையைத் திறந்து வரி கேட்கப்போவதும் இல்லை. விலையில் வித்தியாசம் இருந்தால் அது கடைக்காரரின் லாபத்தில் உள்ள வித்தியாசம். கிட்ட இருக்கும் கடையில் வாங்குங்கள், கோளாறு வந்தால் திரும்பப் போக வேண்டியது நீங்கள்தானே.

சீரியல் எண் எழுதிய பில் கட்டாயம். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று கடையிலேயே போனில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து குறுக்குவழியில் வந்த சரக்குக்கு இந்தியாவில் வாரண்டி காட்டாது. சாட்டா கேபிளையும், எஸ்எஸ்டி என்றால் அதை மாட்டும் தகட்டையும் கேட்டு வாங்குங்கள். பல டிஸ்க்குகள் வெறும் டிஸ்க்காகத்தான் வரும்.

படி 6: மாட்டியதும்

எதையும் காப்பி செய்யும் முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மணிநேரம், பாருங்கள். புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது எங்கோ ஓடிக் களைத்த பழைய டிஸ்க். அன்றே திருப்பிக் கொடுங்கள். ரீஅலோகேட்டட் செக்டர்ஸ் (கெட்டுப்போய் மாற்றிய இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டர்ஸ் (படிக்கத் திணறும் இடங்கள்) இரண்டின் ரா மதிப்பும் சுழியமாக இருக்க வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் புது டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யச் சொல்லும், அதாவது பயன்பாட்டுக்குத் தயார்படுத்த. டிஸ்க்கின் இடத்தைப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு. ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. ஆனால் படி 1-ல் லெகசி என்று எழுதியிருந்து, இந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் துவங்க வேண்டும் என்றால் எம்பிஆர்தான். ஒன்றுக்கு இரண்டு முறை டிஸ்க்கின் அளவைப் பார்த்து, கை வைப்பது புது டிஸ்க்கில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 7: மின்சாரம், பழைய டிஸ்க்

துலாவர்ஷ காலத்தில், அதாவது ஐப்பசியில், மதியத்துக்கு மேல் இடி இறங்கும். அப்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சுவிட்ச் அணைத்தால் மட்டும் போதாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது இரண்டு வகை டிஸ்க்குக்குமே ஆகாது என்பதால் சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அது நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி உறை வாங்கிப் போட்டு, போட்டோக்களின் இரண்டாவது நகலுக்கு வைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப்பில் இருந்த 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. ஆகவே தனி அடாப்டரோடு வரும் உறையாகக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன உறையில் அது ஓடாது.