குமரி மாவட்ட ஆய்வுக்கு அரசு, சட்டமன்ற, நாடாளுமன்ற ஆவணங்களைத் தேடும் முறை

குமரி மாவட்டத்தைப் பற்றி ஆய்வு செய்ய முனைகிறவர், கணினியைத் திறக்கும் முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். தாம் ஆராயும் நிகழ்வு நடந்த நாளில் இந்த மண் எந்த அரசின் கீழ் இருந்தது என்பது ஒன்று. அந்தப் பொருள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரம் எந்த அவைக்கு உரியது என்பது மற்றொன்று. மதுரையையோ தஞ்சாவூரையோ ஆராய்பவருக்கு முதற்கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. நமக்கு அதுவே பாதி வேலை.

மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி, 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, சென்னை மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டமாயின. எனவே, அதற்கு முந்தைய சட்டமன்ற நடவடிக்கைகளைச் சென்னையில் தேடுவது வீண் அலைச்சல். 1888-இல் திருவிதாங்கூரில் அமைந்த சட்டசபை, 1904-இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை என்ற மக்கள் பிரதிநிதிகள் அவை, 1949-க்குப் பிறகு இயங்கிய திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றம் ஆகியவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் கேரள சட்டமன்றத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றை அதன் இணையதளத்தில் முதலில் தேடிப் பார்க்கலாம். நிர்வாகக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரத்திலுள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். நாகர்கோவிலில் காலையில் ரயிலேறினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம் என்பதால், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைவிட அது நமக்கு எளிதானதும்கூட.

திருவிதாங்கூர் ஆவணங்களில் ஆண்டு பெரும்பாலும் கொல்லம் ஆண்டாகவே, அதாவது மலையாள நாட்காட்டியின் ஆண்டாகவே இருக்கும். நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள் வழிச் சொத்துரிமையை (சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து சேரும் முறையை) மாற்றிய சட்டம் '1101-ஆம் ஆண்டின் 6-ஆம் சட்டம்' என்றே குறிக்கப்படுகிறது. மலையாள மாதமான சிங்கம் ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்டு நடுப்பகுதியில், கொல்லம் ஆண்டு பிறப்பதால், ஆகஸ்டு நடுப்பகுதி முதல் டிசம்பர் வரையான நாள்களுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையான நாள்களுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். அதன்படி 1101 என்பது 1925-26 ஆகும்.

மாவட்டம் கைமாறியதும் பழைய சட்டங்கள் மறைந்துவிடவில்லை. மறுசீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு அவற்றை அப்படியே தொடரச் செய்தது. பின்னர் 1957-இல் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டங்கள் பலவற்றை இங்கே நீட்டிப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. இவ்வகைச் சட்டங்களின் ஆங்கிலத் தலைப்பில் 'டிரான்ஸ்ஃபர்டு டெரிட்டரி' (மாற்றப்பட்ட பகுதி) என்ற தொடர் வருவதால், சட்டங்களைத் தொகுத்துத் தரும் மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் தமிழ்நாட்டுப் பிரிவைத் திறந்து அத்தொடரைக் கொண்டு தேடலாம். 1969-இல் மாநிலத்தின் பெயர் மாறியதால், ஒரே சட்டம் 'மெட்ராஸ்' என்றும் 'தமிழ்நாடு' என்றும் இரு பெயரில் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். 1956-இல் மாற்றப்பட்ட பகுதிகளிலுள்ள இந்துக் கோவில்களுக்கான தேவஸ்வம் நிதிக்கு, தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் வழங்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 290-ஏ உறுப்பு கூறுகிறது. இந்த உறுப்பு எப்படி வந்தது என்று அறிய விரும்புகிறவர், அதன் அடிக்குறிப்பில் 1956-ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தச் சட்டம் என்றிருப்பதைக் கண்டு, மக்களவை விவாதங்களில் 'ஏழாம் திருத்த மசோதா' என்று தேடினால் ஏமாந்துபோவார். ஏனெனில், அவையில் அது ஒன்பதாம் திருத்த மசோதா என்ற பெயரில்தான் அறிமுகமானது. மசோதாவின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளக் கூடாது. நாடாளுமன்ற மின்னூலகத்தில் மசோதாவின் பெயரைக் கொண்டு, அறிமுகம், விவாதம், வாக்கெடுப்பு என்ற வரிசையில் தேதிவாரியாகச் செல்வதே தக்க வழி.

இனி, சட்டமியற்றும் அதிகாரம் எந்த அவைக்கு என்ற இரண்டாம் கேள்வி. கடலோர ஊர்களைப் பற்றி ஆராய்பவருக்கு இது உடனே எதிர்ப்படும். கரையையொட்டிய ஆட்சிக்கடல் எல்லைக்குள் நடைபெறும் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலிலும், அதற்கு அப்பாற்பட்டது மத்தியப் பட்டியலிலும் உள்ளன. தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குச் செல்பவர்கள் என்பதால், அவர்களைப் பற்றிய ஆவணங்கள் சென்னை, டெல்லி ஆகிய இரண்டு இடங்களிலும் சிதறிக் கிடக்கும். 2017-இல் வீசிய ஒக்கிப் புயல் குறித்து, உள்துறை சார்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு தனி அறிக்கையே அளித்துள்ளது. அக்குழு மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குவதால், மக்களவைக் குழுக்களின் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அமைச்சர்கள் அளிக்கும் விடைகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அவையில் வாய்மொழியாக விடை தரப்படும், துணைக்கேள்விகளும் எழும். குறியிடாத கேள்விக்கு எழுத்து விடை மட்டுமே உண்டு. விடையின் முதற்பக்கத்தோடு நின்றுவிடாமல் இணைப்பையும் திறந்து பார்க்க வேண்டும். புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற விடை வந்திருந்தால், அது அரசின் உறுதிமொழியாகக் கருதப்படும்; பின்னாளில் தாக்கலான நிறைவேற்ற அறிக்கையைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2009-க்கு முன் நம் மக்களவைத் தொகுதியின் பெயர் நாகர்கோவில் என்பதையும், ஆங்கிலத்தில் கன்னியாகுமரிக்கு இரண்டு எழுத்துக்கூட்டுகள் வழங்குவதையும் தேடும்போது மறந்துவிடலாகாது.

மாநில அளவில், ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது, அதாவது தன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும்போது, சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அது தமிழிலேயே கிடைக்கிறது. செய்தித்தாளில் 'அரசு ஆணை பிறப்பித்தது' என்று படித்தால், ஆணையின் எண்ணோடு துறையையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண்ணிடுவதாலும், 'நிலை', 'வாலாயம்' (வழக்கமான அலுவல்) என்ற ஆணை வகைகளுக்குத் தனித்தனி வரிசை இருப்பதாலும், வெறும் எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஆணையையும் அடையாளம் காண முடியாது. விதிகளும் அறிவிக்கைகளும் அரசிதழில் வெளிவந்த வடிவத்தையே மேற்கோளாகக் காட்ட வேண்டும்.

எங்கும் கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ், தமிழ்நாடு அரசு அலுவலகமாயின் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிய பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காமல், இன்ன ஆணையின் நகல், இன்ன கோப்பின் குறிப்புப் பகுதி (அதிகாரிகள் கருத்தெழுதிய பக்கங்கள்) என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். முப்பது நாளில் விடை வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கோப்பு பெரிதாக இருக்கும் என்று தோன்றினால், நகலுக்குப் பதிலாக நேரில் பார்வையிட அனுமதி கேட்டு, வேண்டிய பக்க எண்களை மட்டும் குறித்துக் கொடுத்து நகல் பெறுவது செலவையும் நாளையும் மிச்சப்படுத்தும்.