கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு நாள் ஓய்வு: நம் பக்கத்துக்காரர்கள் செய்யும் தவறுகள்

தருமபுரியில் வேன் ஏற்பாடு செய்து கொடுப்பதும் வெளியூரில் அறை பதிவு செய்து கொடுப்பதும் என் தொழில். இன்றும் பெரும்பகுதி கோயில் பயணங்கள்தான். ஆனால் சில வருடங்களாக வேறு ஒரு கோரிக்கையோடும் ஆட்கள் வருகிறார்கள். “கோயில், கடைத்தெரு எதுவும் வேண்டாம். கூட்டம் இல்லாத கடற்கரையில் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும்” என்கிறார்கள். மரக்காணம் பக்கமோ, மாமல்லபுரத்துக்குத் தெற்கேயோ, தரங்கம்பாடியிலோ அமைதியான இடமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். போனதைவிடக் களைத்துப்போய்த் திரும்பி வருகிறார்கள். என்ன நடந்தது என்று விசாரித்தால், இந்தத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் பார்த்த அதே கூத்து. ஆட்கள்தான் வேறு.

தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், செல்போனை நனைக்காதீர்கள் என்பதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ராத்திரியில் கிளம்புவது

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

நம் ஊர்க் கணக்கு இப்படிப் போகிறது. இரவு பதினொரு மணிக்கு வேன் ஏறிவிட்டால் தூக்கம் வழியிலேயே முடிந்துவிடும். ஒரு நாள் வாடகை மிச்சம். போய் இறங்கியதும் கடலில் சூரிய உதயம். திருப்பதிக்கும் பழனிக்கும் போய்ப் பழகிய கணக்கு இது. கோயில் ஊரில் அது செல்லும். விடியற்காலையிலேயே நடை திறந்திருக்கும், குளிக்க இடம் கிடைக்கும், தரிசனம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடலாம். ரிசார்ட்டில் அறைச் சாவி கைக்கு வருவது மதியம் 12 மணிக்கு. பல இடங்களில் 1 மணி, 2 மணி. மறுநாள் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்துவிட வேண்டும். ஒரு நாள் வாடகை என்று நீங்கள் கொடுப்பது 24 மணி நேரத்துக்கு அல்ல, ஏறக்குறைய 21 மணி நேரத்துக்கு.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குத் தரங்கம்பாடியில் இரண்டு அறை போட்டுக் கொடுத்தேன். காலையில் கிளம்புங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “சரிங்க அண்ணா” என்று தலையாட்டிவிட்டு ராத்திரியே கிளம்பிவிட்டார்கள். விடிவதற்குள் எனக்குத் தொலைபேசி. “வந்துவிட்டோம். கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.” அறைகளில் முந்தைய நாள் வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரை எழுப்பச் சொல்வது?

பிறகு நடந்ததை டிரைவர் சொன்னார். பாட்டி இரவு முழுவதும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்ததில் இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. பிள்ளைகள் போட்டிருந்த உடையோடு அலையில் இறங்கிவிட்டார்கள். மாற்றிக்கொள்ள இடம் இல்லை. தோட்டத்துக் குழாயில் கால் கழுவிவிட்டு, ஈரத்தோடும் மணலோடும் வேன் சீட்டில் ஏறிப் படுத்தார்கள். பெரியவர்கள் சாப்பாட்டுக் கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, வரவேற்பில் இருந்த பையனை அரை மணிக்கு ஒருமுறை “ஆயிற்றா தம்பி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேருக்கு ரிசார்ட் விலையில் காலைச் சிற்றுண்டி வாங்கியதில், மிச்சம் பிடித்த வாடகையில் நல்ல பங்கு தோசைக்கும் காபிக்கும் போயிற்று. ஒரு மணிக்குச் சாவி கிடைத்ததும் ஏசியைப் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் படுத்துவிட்டார்கள். எழுந்தபோது வெளியே இருட்டு.

மறுநாளாவது கடலைப் பார்த்தார்களா? இல்லை. “இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திருக்கடையூர் போகாமல் இருப்பதா?” என்று விடியும் முன்பே கோயிலுக்குக் கிளம்பி, அப்படியே வைத்தீஸ்வரன் கோயிலையும் பார்த்துவிட்டு, பத்தரைக்கு ஓடி வந்து அறையைக் காலி செய்தார்கள். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அந்தக் கடற்கரையிலேயே நிற்கிறது. அதன் சுவர் ஓரமாக ஒரு நடை நடந்திருக்கலாம். கோட்டையை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

பணமும் தூக்கமும் போவது ஒரு பக்கம். சேலம் வழியாகப் போகும் வண்டி தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். அங்கே எத்தனை லாரிகள் கவிழ்ந்து கிடந்திருக்கின்றன என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டிவிட்டாலும், விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் எந்த டிரைவருக்கும் கண் சொருகும். பின்னால் பத்துப் பேர் குறட்டை விடும்போது அவர் ஒருவர் மட்டும் விழித்திருப்பார் என்று நம்புவது துணிச்சல்தான்.

காலை ஆறரைக்கு, கட்டுச்சோற்றோடு கிளம்புங்கள். மதியம் போய்ச் சேரும்போது அறை தயாராக இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம். நான்கு மணிக்கு வெளியே வந்தால் வெயில் மேற்கே சாய்ந்து, தென்னை நிழல் மணலில் நீண்டு விழுந்திருக்கும். கடற்காற்றும் வீசிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். உதயம் எங்கும் ஓடிவிடாது. ஜனவரியில் ஏறக்குறைய ஆறரை மணிக்குத்தான் சூரியன் எழுகிறது. மறுநாள் காலையில் உங்கள் வராந்தாவில் காபியோடு நின்று பார்க்கலாம். ராத்திரிதான் கிளம்புவேன் என்று அடம்பிடிப்பவர்கள் முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கட்டிவிடுங்கள். விடியற்காலையில் என்னைக் கூப்பிடாதீர்கள்.

பௌர்ணமிக்கு அறை போடுவது

கடலிலிருந்து முழுநிலா எழுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிழக்குக் கரையில் பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா எழும். ஆனால் புதுச்சேரிப் பக்கம் போக ஊத்தங்கரை, செங்கம் வழியைப் பிடித்தாலும், அரூர், தண்டராம்பட்டு வழியைப் பிடித்தாலும் திருவண்ணாமலையைத் தொட்டுத்தான் போக வேண்டும். அன்று அங்கே கிரிவலம். ஊருக்குள் நுழையும் சாலைகளில் வண்டி நகராது. கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம்.

பௌர்ணமிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கடற்கரையில் இருக்குமாறு பதிவு செய்யுங்கள். நிலா நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். அதற்குள் நன்றாக இருட்டிவிடுவதால், கறுத்த கடலிலிருந்து செக்கச்செவேலென்று மேலே வரும். பௌர்ணமி நிலாவைவிட அதுவே அழகு என்பது என் கட்சி. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட ஏறி வரும். டார்ச் அடித்துக்கொண்டு நடக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

கிணற்று நீச்சலை நம்புவது

நம் பிள்ளைகள் விவசாயக் கிணற்றில் மோட்டார் மேடையிலிருந்து தலைகீழாகக் குதித்து நீச்சல் கற்றவர்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பவர்கள். அந்தத் தைரியத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து. அமைதியான கடற்கரை என்றால் உயிர்காப்பாளரும் இல்லாத கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் குறுகலான ஒரு வழியாகத் திரும்பக் கடலுக்குள் பாயும். அந்த இடத்தில் பெரும்பாலும் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெண்ணுரையாக இருக்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாக, சற்றுக் கலங்கிய நிறத்தில் தெரியும். புதிதாக வருபவர்கள் “இங்கே அலை குறைவு” என்று குழந்தைகளை அங்கேதான் இறக்குகிறார்கள். நல்ல நீச்சல்காரனாலும் அந்த இழுப்பை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. எதிர்த்து நீந்திக் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அலை உடையும் இடத்துக்கு வந்துவிட்டால் இழுப்பு விட்டுவிடும், அங்கிருந்து கரையேறலாம். தெம்பு இல்லை என்றால் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.

இறங்குவதற்கு முன் கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் “ஐயா, இங்கே இறங்கலாமா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்திருப்பவர்கள் கால்கூட நனைக்க வேண்டாம்.

‘கடலோரம்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்புவது

1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து) 200 மீட்டருக்குள் புதுக் கட்டடங்களுக்குத் தடை விதித்தது. பிறகு திருத்தங்கள் வந்தாலும், அந்த அறிவிக்கைக்குப் பின் கட்டிய ரிசார்ட்டுகள் பல சவுக்குத் தோப்புக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் 200 மீட்டர் காய்ந்த மணலில் மூட்டுவலிக்காரர் நடப்பது லேசான காரியம் அல்ல. பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அறையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர்? நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்க வேண்டுமா? தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? பதிலுக்குப் புகைப்படம் அனுப்பினால் திரும்பவும் கேளுங்கள்.

மே மாதத்தில் மீன் கேட்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன் கொஞ்சம் கிடைக்கும். விலை கூடுதலாக இருக்கும். மற்றது ஐஸ் மீன்.

சிறிய ரிசார்ட்டுகளில் சமையல்காரர் ஆர்டரைப் பார்த்துத்தான் சந்தைக்குப் போவார். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஒகேனக்கல்லில் மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் பெண்கள் இருப்பார்கள். ரிசார்ட் சமையலறையில் அது நடக்காது.

ஐப்பசி, கார்த்திகைத் தள்ளுபடி

அடைமழைக் காலம், புயல் காலம். அதனால்தான் தள்ளுபடி. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் இரண்டு நாள் கழித்து நம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கடலும் மூடியிருந்தது, கடலுக்குப் போகும் வழியும் மூடியிருந்தது. பொங்கல் கழிந்து மார்ச் தொடக்கம் வரை போங்கள். சனி, ஞாயிறை விட்டுவிட்டுத் திங்கள், செவ்வாயில் போனால் வாடகையும் குறையும், பக்கத்து அறைச் சத்தமும் இருக்காது. மாங்காய் மண்டி வைத்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் அந்த மாதங்களில்தான் கை ஓய்வு.

கடலில் சூரியன் மறைவதைப் பார்ப்பது

இந்தக் கரையில் மறையாது.

கடைசி நேரத்தில் சேரும் சித்தப்பா குடும்பம்

இன்னொரு அறை போடுங்கள். இல்லாவிட்டால் தனியாக வரச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கர்

வீட்டிலேயே இருக்கட்டும்.

டிரைவரை மறப்பது

பல ரிசார்ட்டுகளில் டிரைவர் தங்க இடம் கிடையாது. அவர் கொசுக்கடியில் வேனுக்குள்ளேயே படுத்துவிட்டு மறுநாள் உங்களைத் தொப்பூர் வழியாக மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பதிவு செய்யும்போதே அவருக்குப் படுக்கை உண்டா, சாப்பாடு யார் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜ் அறை எடுத்துக் கொடுங்கள். அந்த வாடகை உங்கள் கணக்கு. வேன் பில்லில் கழிக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.