ஹெர்மானஸில் திமிங்கிலம் பார்க்கப் படகு வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸுக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா? படகுக்குப் பணம் கட்டும் முன், ஊரை ஒட்டிய பாறைக்கரை நடைபாதையில் காலையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். கட்டணம் கிடையாது.

சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் குட்டி ஈன, ஊரை ஒட்டிய வாக்கர் விரிகுடாவுக்கு வருகின்றன. பாறைக்கரையை ஒட்டியே கடல் ஆழம் என்பதால், தாயும் குட்டியும் சில நேரம் கல்லெறி தூரத்துக்கே வந்துவிடும். உரிமம் பெற்ற படகுகூட 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. அங்கே சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், நாம் பார்ப்பதோ தெற்கே. அதனால் காலையில் கண்கூச்சமும் இல்லை. முதுகில் துடுப்பு இல்லாமல், தலையில் வெள்ளைத் தடிப்புகளோடு, ‘வி’ வடிவத்தில் நீரைப் பீய்ச்சினால் அதேதான். பாதை முழுவதும் சுமார் 12 கிலோமீட்டர். அத்தனையும் நடக்க வேண்டியதில்லை, ஊர் நடுவிலுள்ள பழைய துறைமுகப் பக்கமே போதும்.

இது ஜூன் முதல் நவம்பர் வரைதான் பலிக்கும். செப்டம்பரை ஒட்டிப் போனால் இன்னும் நல்லது. பள்ளி விடுமுறை என்று டிசம்பரில் போனால் பெரும்பாலும் வெறும் கடல்தான். காற்று பலமாக அடித்து அலையெல்லாம் வெள்ளை நுரையாக இருக்கும் நாளிலும் எதுவும் தெரியாது, அன்றைக்கு விட்டுவிடுங்கள். கழுத்தில் ஒரு பைனாகுலர், காற்றுக்கு ஸ்வெட்டர், அவ்வளவுதான்.