யாரும் கண்டுகொள்ளாத பௌலர்களுக்கு நாமே கார்டு போடுவது எப்படி

கடையில் விற்கிற கிரிக்கெட் டிரம்ப் கார்டு கட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்த முகங்கள்தான். ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடாத ராஜிந்தர் கோயலுக்கு அதில் இடமில்லை. நம்ம லெக் ஸ்பின்னர் வி.வி. குமார், முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட், ஆடியது வெறும் 2 டெஸ்ட், அவருக்கும் இல்லை. அப்படியிருக்க பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ பொங்கல் டோர்னமென்டில் யார்க்கராகப் போட்டுத் தள்ளுகிற பையனுக்கு எங்கிருந்து வரும்? அப்படியே வந்தாலும் டிரம்ப் கார்டில் பெரிய எண்தான் ஜெயிக்கும், 2 டெஸ்ட் ஆடினவர் கார்டு கையில் இருந்தால் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால் இங்கே சொல்லப்போவது பகடை உருட்டி ஆடுகிற கார்டு. அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று 1960களிலிருந்தே இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறது, ஆளுக்கொரு கார்டு, பகடையில் விழுந்த எண்ணைக் கார்டில் தேடினால் மட்டை பிடித்த ஆளுக்கு அந்த முறை என்ன ஆனது என்று தெரிந்துவிடும். இதில் மொத்தக் கணக்கு எவ்வளவு என்பது முக்கியமில்லை, எத்தனை பந்துக்கு ஒரு விக்கெட் என்பதுதான் பேசும், அதைத்தான் ஸ்ட்ரைக் ரேட் என்பார்கள். பெயர் வராத பௌலருக்கு நியாயம் கிடைக்கிற ஆட்டம் இதுதான்.

லூடோ பெட்டியிலிருந்து ஆறு முகப் பகடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், நிறம் வேறு வேறாக இருக்கட்டும். சிவப்பில் 3, வெள்ளையில் 5 விழுந்தால் 35. இப்படி 11 முதல் 66 வரை மொத்தம் 36 கட்டம் வரும். தாயக்கட்டை வீட்டில் இருக்கிறதே என்று கேட்பீர்கள், கட்டைக்கு நாலு முகம்தான், இரண்டு உருட்டினாலும் 16 கட்டத்துக்கு மேல் போகாது, நல்ல பௌலருக்கும் சுமாரான பௌலருக்கும் வித்தியாசமே தெரியாமல் போய்விடும்.

டெஸ்ட், ரஞ்சி ஆட்களுக்கு ஒரு உருட்டல் என்பது ஒரு ஓவர். விக்கெட் கட்டம் எத்தனை என்பதற்கு 216ஐ ஸ்ட்ரைக் ரேட்டால் வகுத்தால் போதும் (36 கட்டம், ஓவருக்கு 6 பந்து, பெருக்கினால் 216). ரன்னுக்கு எக்கானமியை, அதாவது ஓவருக்குக் கொடுக்கிற ரன்னை, 36ஆல் பெருக்குங்கள், அந்த மொத்தத்தை 36 கட்டத்திலும் பிரித்துப் போட வேண்டும். கிரிக்இன்ஃபோ தளத்தில் பந்து, ரன், விக்கெட் மூன்றும் இருந்தால் வேலை சுலபம். பழைய ஆட்களுக்குப் பந்துக் கணக்கு கிடைக்காவிட்டால் சராசரியை (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 6ஆல் பெருக்கி, அந்தக் காலத்துக்குப் பொருந்துகிற ஒரு எக்கானமியால் வகுத்துக்கொள்ளலாம். வி.வி. குமாரின் முதல்தரச் சராசரி 19.98. எக்கானமி 2.2 என்று வைத்தால் ஸ்ட்ரைக் ரேட் 54.5 வருகிறது, அதாவது 4 விக்கெட் கட்டம். ஊகம்தான், ஆனால் எக்கானமியை 2.0 என்றோ 2.4 என்றோ மாற்றினாலும் 4ஐ விட்டுப் பெரிதாக நகராது.

இனிமேல்தான் சிக்கலே. அதிகம் தெரியாத பௌலர் என்றாலே ஆடின ஆட்டம் குறைவு, குறைந்த ஆட்டத்தின் எண்ணை நம்பினால் கார்டு கோமாளித்தனமாகிவிடும். 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் வைத்துக் கார்டு போட்டால் 203 பந்துக்கு 16 விக்கெட், 36ல் 17 கட்டம் விக்கெட்! இரண்டு ஓவருக்கு ஒருவர் காலி. அவர் மொத்தம் ஆடிய 17 டெஸ்டையும் சேர்த்தால் 66 விக்கெட், ஸ்ட்ரைக் ரேட் 65, கட்டம் வெறும் 3. இங்கிலாந்தின் சார்லஸ் மாரியட்டுக்கு அந்த மறு பக்கமே கிடையாது, 1933ல் ஒரே டெஸ்ட், 11 விக்கெட், சராசரி 8.72, அதோடு சரி. எதிர்த்திசையில் நம்ம டி.ஏ. சேகர், 2 டெஸ்ட், விக்கெட்டே இல்லை. எண்ணை அப்படியே போட்டால் அவர் கார்டில் ஒரு விக்கெட் கட்டம்கூட இருக்காது, பாகிஸ்தானில் போய் வேகமாகப் போட்டவருக்கு அது அநியாயம்.

இதற்கு ஒரு வழி உண்டு. எல்லா டெஸ்ட் பௌலருக்கும் ஒரு சாதாரண பௌலரின் 1800 பந்து, 30 விக்கெட்டைக் கூடுதலாகச் சேர்த்து அப்புறம் வகுங்கள், காரம் தூக்கலான குழம்பில் தண்ணீர் விடுகிற மாதிரி. ஹிர்வானியின் முதல் டெஸ்ட் மட்டும் என்றால் 2003 பந்து, 46 விக்கெட், கட்டம் 17லிருந்து 5க்கு இறங்கும். முழுக் கணக்குக்குச் சேர்த்தால் 3 அப்படியே 3தான். 200 பந்து போட்டு ஒன்றுமே எடுக்காதவருக்கு 2000 பந்துக்கு 30 விக்கெட், அவருக்கும் 3 கிடைத்துவிடும். அதிகம் ஆடினவரை இந்தத் தண்ணீர் தொடாது, குறைவாக ஆடினவரை மட்டும் நடுவுக்கு இழுக்கும். ரன்னுக்கும் இதே மாதிரி 1800 பந்துக்கு 840 ரன் சேருங்கள். பிடித்த ஆள் என்பதற்காக இதைச் செய்யாமல் விடுகிறவர்களுடன் நான் ஆடுவதில்லை.

வகுத்தது 4.4, 3.5 என்று வந்தால் பாதியை வீணாக்க வேண்டாம், ஒரு கட்டத்தில் ‘7 முதல் 11’ என்று எழுதுங்கள், ஏழாவது ஆள் முதல் கடைசி ஆள் வரை மட்டும் அது விக்கெட்.

ரன் பிரிப்பதில்தான் பௌலரின் குணம் தெரியும். எக்கானமி 2.77 என்றால் 100 ரன். அதை மெய்டன் (ரன்னே இல்லாத ஓவர்) கட்டம் 7, 1 ரன் கட்டம் 6, 2, 3, 4 ஒவ்வொன்றும் 5, அப்புறம் 5 ரன் 3, 6 ரன் 3, 8 ரன் 2 என்று பிரித்தால் சரியாக 36 கட்டம், 100 ரன். லெக் ஸ்பின்னருக்கு மெய்டனையும் எட்டையும் கூட்டுங்கள், ஒரு முனையில் கட்டிப்போடுகிற இடது கைச் சுழலருக்கு எட்டே வேண்டாம், 2, 3ஐ நிறைய போடுங்கள். மொத்தம் மாறக்கூடாது, அவ்வளவுதான். விக்கெட்டை மெய்டனிலும் வைக்கலாம், 6 ரன் கட்டத்திலும் வைக்கலாம்.

உள்ளூர் டென்னிஸ் பால் ஆட்களுக்கு ஓவர் கணக்கு ஒத்துவராது, 6 ஓவர் ஆட்டம் ஆறு உருட்டலில் முடிந்துபோகும். ஒரு உருட்டல் ஒரு பந்து என்று வையுங்கள். விக்கெட் கட்டத்துக்கு 36ஐ ஸ்ட்ரைக் ரேட்டால் வகுக்கணும், ரன்னுக்கு எக்கானமியை 6ஆல் பெருக்கணும். 9 பந்துக்கு ஒன்று எடுக்கிறவருக்கு 4 கட்டம், ஓவருக்கு 7.5 கொடுத்தால் 45 ரன். கிரிக்ஹீரோஸ் ஆப்பில் ஸ்கோர் போட்ட டோர்னமென்ட் என்றால் எல்லாம் கிடைத்துவிடும். நோட்டில் எழுதினது என்றால் பேட்ஸ்மேன் ரன் மட்டும் தெளிவாக இருக்கும், பௌலர் பக்கம் பாதி அழிந்திருக்கும், கமிட்டி ஆளைப் பிடித்து ‘அண்ணா, அந்த நோட்டைக் கொஞ்சம் கொடுங்க’ என்று போட்டோ எடுத்துக்கொள்வதுதான் வழி. இவர்களுக்கு 120 பந்து, 12 விக்கெட், 150 ரன் சேர்த்தால் போதும். படம் போடுவதற்கு முன் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊர் என்ற வரியில் மாவட்டத்தைப் போடுகிறவர்கள் வருடத்தைப் பார்க்க வேண்டும். தர்மபுரி 1965ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, இன்று ஓசூர் இருக்கிற கிருஷ்ணகிரி 2004ல் தர்மபுரியிலிருந்து. ஓசூரில் 1990களில் ஆடினவர் தர்மபுரி மாவட்ட ஆள்தான், இதைச் சொன்னால் ஓசூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

பின்பக்கம் ஒரே ஒரு சேதி போதும். ஏ.ஜி. ராம்சிங் என்றால் 1934 நவம்பர் 4, ரஞ்சியின் முதல் ஆட்டம், மைசூருக்கு எதிராக 35 ரன்னுக்கு 11 விக்கெட், ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. பத்மாகர் சிவால்கர் என்றால் 1972-73 இறுதி ஆட்டம், சேப்பாக்கம், 16 ரன்னுக்கு 8 விக்கெட், 18 ரன்னுக்கு 5. பம்பாயிடம் அடி வாங்கினது நம்ம தமிழ்நாடுதான், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு கார்டையும் வெள்ளைத் தாளில் எழுதி 100 ஓவர் உருட்டிப் பாருங்கள். 3 கட்டக் கார்டுக்கு 8 விக்கெட் பக்கம் வரணும், 5 முதல் 12 வரை அதிர்ஷ்டம், அதைத் தாண்டினால் கூட்டலைச் சரிபாருங்கள். அளவு 63க்கு 88 மில்லிமீட்டர் வைத்தால் ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் போர்டு வெட்டி மிச்சமான துண்டு கேட்டால் மலிவாகவே தருவார்கள். மேட் லேமினேஷன் சொல்லுங்கள், பளபளப்பானது டியூப் லைட்டில் எண்ணைப் படிக்க விடாது. எழுத்து 8 பாயின்டுக்குக் கீழே போக வேண்டாம். முனையை வட்டமாக வெட்டாவிட்டால் பத்து ஆட்டத்தில் எந்தக் கார்டு யாருடையது என்று பின்பக்கம் பார்த்தே தெரிந்துவிடும்.