புதிய குளவி இனத்தை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் ஓரத்திலோ ஊசுட்டேரிக் கரையிலோ சேகரித்த ஒட்டுண்ணிக் குளவிகளில் ஒன்று எந்த அடையாளத் திறவுகோலிலும் (இனத்தைக் கண்டறிய உதவும் கேள்வி வரிசையிலும்) பொருந்தவில்லை என்றால், "புது இனம்" என்ற எண்ணம் உடனே வந்துவிடும். அந்தப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) இதுவரை பெயர் பெற்ற எல்லா இனங்களிலிருந்தும் இது வேறு என்று நிறுவுவதுதான் உண்மையான வேலை. கையில் உள்ள மாதிரியை மட்டும் பார்த்து அதை முடிக்க முடியாது.

பழைய பெயர்களைத் தேடாமல் விடுவதே முதல் தவறு, பெரிய தவறும்கூட. நம் கடற்கரை பூச்சியியலுக்குப் புதிய நிலம் இல்லை. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் மொரிஸ் மைந்திரோன் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் சேகரித்தவை பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போயின. பின்னாளில் காரைக்காலை அடுத்த குரும்பகரத்திலிருந்து பி. சூசை நாதன் சேகரித்த பூச்சிகள் பல வெளிநாட்டுக் காப்பகங்களை அடைந்தன. ஆகவே நீங்கள் பிடித்த குளவிக்கு எங்கோ ஓர் அலமாரியில் ஏற்கெனவே பெயர்ச்சீட்டு இருக்கலாம். கடலூர் மாவட்டம் 1993ல்தான் உருவானது. எனவே பழைய கட்டுரைகளில் "தென்னார்க்காடு", "பாண்டிச்சேரி", "காரிக்கல்" என்ற பெயர்களைக் கொண்டும் தேடுங்கள். இந்தியத் திறவுகோல் மட்டும் போதாது. இலங்கை, மியான்மர், தாய்லாந்து இனங்களையும் ஒப்பிட வேண்டும். பழைய விவரணைகள் பலவும் நிறத்தைச் சொல்லிவிட்டு நாலு வரியில் முடிந்துவிடும். அதை நம்பி "என் குளவியின் கால் கறுப்பு, அதன் கால் பழுப்பு" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த இனத்தின் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மூலமாதிரியை, அதாவது ஹோலோடைப்பை, நேரில் பாருங்கள். முடியாவிட்டால் காப்பாளருக்கு எழுதிப் படம் கேளுங்கள்.

அடுத்தது, ஓர் இனத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டைப் புது இனமாக எண்ணுவது. ஒட்டுண்ணிக் குளவியின் உடல் அளவு அதன் ஓம்புயிரின், அதாவது அது உண்டு வளர்ந்த பூச்சியின், அளவைப் பொறுத்தது. சிறிய முட்டையில் வளர்ந்தது சிறிதாகவும் பெரிய புழுவில் வளர்ந்தது பெரிதாகவும் இருக்கும். ஆணும் பெண்ணும் அடியோடு மாறித் தெரிவதும் உண்டு: வெல்வெட் எறும்பு எனப்படும் குளவிக் குடும்பத்தில் பெண்ணுக்குச் சிறகே இல்லை. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் இடைக்கணுப் புழுவுக்காக அட்டையாக வாங்கிக் கட்டும் முட்டை ஒட்டுண்ணி டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி இந்தியாவில் நெடுங்காலம் வேறு இனத்தின் பெயரில் வழங்கிவந்தது. ஆணின் பிறப்புறுப்பு அமைப்பே இந்தப் பேரினத்தில் நம்பகமான அடையாளம் என்பதை நாகர்கட்டியும் நாகராஜாவும் 1971ல் விரிவாகக் காட்டினர். இப்படிப்பட்ட பேரினத்தில் ஒற்றைப் பெண் மாதிரியை வைத்துப் புது இனம் அறிவிப்பது பின்னால் வருபவர்களுக்குத் தலைவலியை விட்டுச் செல்வதாகும்.

மாதிரியைக் கெடுத்துவிட்டு, கெட்டதையே அடையாளமாக எழுதுவதும் நடக்கிறது. பூச்சியைக் கொல்லும் சயனைடு புட்டியில் அதிக நேரம் கிடந்தால் மஞ்சள் பட்டை சிவப்பாகிவிடும். ஆல்கஹாலிலிருந்து எடுத்த சிறு குளவியை அப்படியே காயவிட்டால் கண்ணும் வயிறும் உள்வாங்கும். அந்தக் குழியை யாரோ "முகத்தில் ஆழமான பள்ளம்" என்று பதிவு செய்துவிடுவார்கள். எச்.எம்.டி.எஸ். (ஹெக்சாமெத்தில்டைசிலசேன்) திரவத்தில் ஊறவைத்துக் காற்றோட்டமான இடத்தில் உலர்த்தினால் வடிவம் நிற்கும். டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். எத்தில் அசிட்டேட்டால் கொன்றது அதற்கு உதவாது. மஞ்சள் தட்டுப் பொறியில் தண்ணீருடன் சிட்டிகை உப்பும் இரண்டு சொட்டு சோப்புக் கரைசலும் போதும், ஆனால் தினமும் வடித்தெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டு நிரம்பி வழிந்து மாதிரிகள் போய்விடும். கடற்காற்றில் சாதா ஊசி துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு ஊசியே வாங்குங்கள்.

உடற்பகுதிகளை எண்ணுவதில் வரும் பிழை அதிகம் கவனிக்கப்படுவதில்லை. குளவியின் இடுப்பு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இல்லை. வயிற்றின் முதல் கண்டம் மார்போடு ஒட்டி புரோபோடியம் ஆகிவிடுகிறது. இடுப்பு அதற்குப் பின்னால் வருகிறது. இதை விட்டுவிட்டு எண்ணினால் அடுத்த கண்டங்களின் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். மீசோசோமா (தலைக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி), மெட்டாசோமா (அதற்குப் பின்பகுதி) என்று எழுதி, டி1, அதாவது முதல் முதுகுத் தகடு, எது என்பதையும் சொல்லிவிடுங்கள். "தலை பெரியது" என்பதால் பயனில்லை. அகலம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்று, கிடைத்த எல்லா மாதிரிகளிலும் அளந்து, வீச்சாகக் கொடுங்கள். படத்தில் "40 மடங்கு பெரிதாக்கியது" என்று போடாமல் அளவுகோல் கோடு வையுங்கள்.

டி.என்.ஏ. பார்கோடு, அதாவது இனத்தை அடையாளம் காணப் படிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு, துணைச் சான்றுதான். குளவிகளின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பரவலாக வாழ்வதால், சில நேரம் அதன் டி.என்.ஏ. வரிசையே குளவியுடையது போல வந்துவிடும்.

பெயரிடும் விதிகளில் இடறுவது வேதனை தருவது, ஏனெனில் எல்லா உழைப்பும் அதில் வீணாகும். மின்னிதழில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால், வெளியாகும் முன்பே சூபேங்கில் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில்) பதிந்து, அந்தப் பதிவுக்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே அச்சிட வேண்டும். 2012 முதல் இதுவே விதி. பதிந்துவிட்டு அந்தச் சான்றைப் போட மறந்தால் பெயர் செல்லாது. ஹோலோடைப் எது, எந்த ஊரில் எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்பதும் கட்டாயம். பெயரின் விகுதி பேரினத்தின் பாலுக்கு இசைய வேண்டும்: டிரைக்கோகிரம்மா நடுப்பால் என்பதால் ஊர்ப்பெயருடன் "என்சிஸ்" சேராது, "என்சே"தான் சேரும்.

சேகரிப்புச் சீட்டில் "புதுச்சேரி" என்று மட்டும் எழுதினால் அது காரைக்காலா, கேரளக் கரையிலுள்ள மாஹேயா, ஆந்திரக் கரையிலுள்ள ஏனாமா என்று தெரியாது. ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பொறி வகை, பிடித்தவர் பெயர் ஆகிய ஐந்தும் வேண்டும். பிச்சாவரம் போன்ற காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியை முன்பே பெறுங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தின் சான்று மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று. பாராடைப்புகள், அதாவது ஹோலோடைப்புடன் சேர்த்துக் குறிப்பிட்ட மற்ற மாதிரிகள், பல இருந்தால் இரண்டு மூன்று காப்பகங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.