முதல்முறை ஆர்வி, முதல்முறை பாலைவனம்: டிசம்பரில் அரிசோனா போவது எப்படி

அதிகாலை மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுபோனது. ப்ரொபேன் சிலிண்டரில் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது. தீர்ந்திருந்தது பாட்டரி. ஆர்வியில் (கட்டிலும் அடுப்பும் கழிவறையும் உள்ள வாடகை வீட்டுவண்டி) இருந்த அத்தனை துண்டுகளையும் போர்த்திக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் ஒரே கட்டிலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். "பாலைவனத்துக்கு வந்து குளிர்ல நடுங்குன குடும்பம் நம்மளாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. "அரிசோனாவுக்குப் போறதுக்குப் போர்வை எதுக்கு?" என்று கிளம்பும்போது கேட்டவன் நான்தான் என்பதால் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போய்வந்துவிட்டோம். முதல் முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆறு இரவு, ஒரே சுற்று: பீனிக்ஸில் ஓர் இரவு, ஆர்கன் பைப் கள்ளிக்காட்டில் மூன்று, டூசானில் இரண்டு. கிராண்ட் கேன்யனை இதில் சேர்க்காதீர்கள். அதன் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, டிசம்பரில் பனி கொட்டும். அது தனிப் பயணம்.

படி 1: எப்போது போவது

பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரியது என்று நம் பழைய இலக்கணம் சொல்கிறது. பின்பனி என்றால் மாசி, பங்குனி. இந்தக் கணக்கு அரிசோனாவுக்கும் பொருந்துவது எனக்கு இன்னும் வியப்புதான். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் இரவுக் குளிர் குறைந்துவிடும், மழை நன்றாகப் பெய்த வருடமென்றால் தரையெல்லாம் மஞ்சள் பாப்பிப் பூக்கள். ஆனால் பள்ளி விடுமுறை டிசம்பரில்தான் வருகிறது, என்ன செய்ய! டிசம்பர், ஜனவரியில் பகலில் 18, 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்; விடியற்காலையில் 4, 5. சில இரவுகளில் உறைநிலையைத் தொடும். காற்றில் ஈரமில்லை, வானத்தில் மேகமில்லை. பகலில் தரை வாங்கிய சூட்டைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லாததால் சூரியன் இறங்கிய ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும்.

படி 2: எந்த வண்டி

25 அடிக்குள் இருக்கும் கிளாஸ் சி வண்டியை எடுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு கட்டில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வகை. நான்கு பேருக்குப் போதும். பெரிய வண்டி வசதிதான், ஆனால் இந்தப் பக்கத்துச் சில சாலைகளில் 25 அடிக்கு மேல் அனுமதியே கிடையாது. டூசானில் கேட்ஸ் பாஸ் சாலை அப்படி. ஆர்கன் பைப்பில் அஹோ மலைச்சாலையில் வரம்பு இன்னும் குறைவு, 24 அடி.

வண்டியைக் கொடுக்கும்போது ஒருவர் கடகடவென்று பதினைந்து நிமிடம் விளக்குவார். ஒன்றும் மண்டையில் ஏறாது. கூச்சப்படாமல் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரி எத்தனை, எந்த வகை, அளவைக் காட்டும் பொத்தான் எங்கே என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வந்தது இதைத்தான்.

வண்டியின் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டுங்கள். சுமார் 12 அடி இருக்கும். பெட்ரோல் பங்க் கூரையும் உணவகத்து டிரைவ்-த்ரூவும்தான் புது ஓட்டுநர்களின் எமன்.

படி 3: முதல் இரவு ஊருக்குள்ளேயே

வண்டி எடுத்த அன்றே 150 மைல் ஓட்டாதீர்கள். பீனிக்ஸ் பக்கத்திலேயே மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள ஆர்வி பார்க்கில் இடம் பிடியுங்கள். ஃபுல் ஹுக்கப் என்று கேட்டால் தெரியும். அங்கே எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்: ஹீட்டர், வெந்நீர், ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர். ஏதாவது வேலை செய்யாவிட்டால் காலையில் திரும்பிப் போய்ச் சொல்லலாம். தண்ணீர்க் குழாயை இரவில் கழற்றி வைத்துவிடுங்கள், உறைந்தால் வெடிக்கும்.

சமையலும் அன்றைக்கே ஒத்திகை பார்த்துவிடுங்கள். வண்டிக்குள் காய்ந்த மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும், பக்கத்து வண்டிக்காரர் எட்டிப்பார்ப்பார். தாளிப்பை வெளியே சிறு கேம்ப் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது; புளித்த மாவையே கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

படி 4: ஆர்கன் பைப்புக்கு

பீனிக்ஸிலிருந்து கிலா பெண்ட் வழியாக 85ஆம் எண் சாலை தெற்கே போகும். அஹோ என்ற பழைய தாமிரச் சுரங்க ஊரில் மளிகையும் பெட்ரோலும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் வொய் என்று ஒரு குட்டி ஊர். இரண்டு சாலைகள் 'ஒய்' எழுத்துப் போலப் பிரிந்த இடம் என்பதால் வந்த பெயர். இனிஷியலையே பெயராக வைத்திருக்கும் ஆள் மாதிரி.

மெக்சிகோ எல்லை பக்கம் என்பதால் இந்தச் சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் இருக்கும். நம் ஆட்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் நகலும், கிரீன் கார்டுக்காரர்கள் அந்த அட்டையும் கையில் வைத்திருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டும் சேர்த்துத்தான். எல்லைக்கு அருகே செல்போன் மெக்சிகோ கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்; ரோமிங்கை அணைத்துவிடுங்கள். வரைபடங்களை அஹோவிலேயே தரவிறக்கி வையுங்கள்.

தங்குமிடம் ட்வின் பீக்ஸ் கேம்ப்கிரவுண்டு. 208 இடங்கள், இணையத்தில் முன்பதிவு. குடிநீர்க் குழாயும், கழிவு டேங்க்கைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும் உண்டு. வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. ஹீட்டர் கதை நடந்தது இங்கேதான்.

படி 5: மின்சாரமில்லாத இரவு

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஆர்வி ஹீட்டர் ப்ரொபேனில் எரிகிறது. ஆனால் அந்தச் சூட்டை வண்டிக்குள் தள்ளும் விசிறி 12 வோல்ட் பாட்டரியில் ஓடுகிறது. இரவெல்லாம் ஹீட்டர் ஓடினால் பாட்டரி கரையும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மின்னழுத்தம் இறங்கியதும் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். ஜெனரேட்டரைப் போட்டு ஏற்றலாமே என்றால், இங்கே காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும்தான் அனுமதி. ஜெனரேட்டரே கூடாத வரிசைகளும் உண்டு, முன்பதிவு செய்யும்போது பார்த்து எடுங்கள்.

மாலை நேர அனுமதியை ஒரு நிமிடம் வீணாக்காமல் ஜெனரேட்டரை ஓட்டுங்கள். அந்த நேரத்திலேயே வண்டியை நன்றாகச் சூடேற்றிவிடுங்கள், போன்களும் லேப்டாப்பும் அப்போதே ஏறட்டும். ஃபிரிட்ஜை கேஸுக்கு மாற்றுங்கள். படுக்கும்போது ஹீட்டரை 13 டிகிரியில் வையுங்கள். மீதிக் குளிருக்கு ஸ்லீப்பிங் பேக், கம்பளிச் சாக்ஸ், தலைக்குக் குல்லா. சாதாரண ஈய அமில பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், சீக்கிரம் செத்துவிடும்.

அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது மட்டும் கூடவே கூடாது. மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே இல்லை. அலாரம் வேலை செய்கிறதா என்று படுக்கும்முன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

ஆர்கன் பைப் கள்ளியும் நம்மைப் போலத்தான், உறைபனி ஆகாது. அமெரிக்காவில் அது காட்டுச்செடியாக வளர்வது கிட்டத்தட்ட இந்த மூலையில் மட்டும். அதன் பெரும் நாடு தெற்கே மெக்சிகோவின் சொனோரா. இங்கே மலையின் தெற்குச் சரிவுகளில், குளிர்கால வெயில் நேராக விழும் பக்கமாகப் பார்த்து நிற்கும். மறுநாள் அதைக் கவனித்த பிறகு நானும் சாப்பாட்டு மேசை ஜன்னல் தெற்கே பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். காலை எட்டரைக்கெல்லாம் உள்ளே வெதுவெதுப்பு.

படி 6: தண்ணீரும் கழிவும்

நல்ல தண்ணீர் டேங்க் சுமார் 40 கேலன், அதாவது 150 லிட்டர். நான்கு பேர், மூன்று நாள் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர் சொச்சம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் பல் தேய்க்கும்போது குழாயை மூடக் கற்றுத்தர வேண்டியிருந்தது. நல்ல தண்ணீர் தீர்வதற்கு முன்பே பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க் நிறைந்துவிடும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

டம்ப் ஸ்டேஷனில் கையுறை போட்டுக்கொண்டு, குழாயை இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டு, கழிவறைக்கான பிளாக் டேங்க்கை முதலில் திறங்கள். அது வடிந்ததும் மூடிவிட்டு கிரே. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயை அலசிவிடும். ஃபுல் ஹுக்கப் இடத்திலும் பிளாக் டேங்க் வால்வை மூடியே வைத்திருங்கள். திறந்து விட்டால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது உள்ளேயே காய்ந்து நிற்கும். இதற்கு மேல் விளக்க விரும்பவில்லை.

படி 7: நடை

முதல் நாள் டெசர்ட் வியூ டிரெயில், கேம்ப்கிரவுண்டிலிருந்தே தொடங்கும் 1.2 மைல் சுற்று. ஷூ கடிக்கிறதா, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். இரண்டாம் நாள் விக்டோரியா மைன் டிரெயில், போக வர 4.5 மைல். இதற்கும் வண்டியை எடுக்க வேண்டாம். பெரிய ஏற்றமில்லை, ஆனால் மழைநீர் ஓடிய வறண்ட ஓடைகளில் இறங்கி இறங்கி ஏறும். முடிவில் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கம்.

அஹோ மலைச்சாலை 21 மைல் சரளைச் சுற்று. ஆர்வியில் அங்கே போகாதீர்கள். நீளம் அனுமதிக்குள் இருந்தாலும் வாடகை ஒப்பந்தங்கள் பலவும் மண்சாலையைத் தடுக்கின்றன. பார்வையாளர் மையத்தில் வேன் சுற்றுலா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

டிசம்பர் கடைசியில் சூரியன் எழ ஏழேகால் தாண்டும், மாலை ஐந்தரை வாக்கில் இறங்கிவிடும். ஒன்பதுக்குக் கிளம்பி மூன்றுக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பாதி தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். டிசம்பர்தானே என்று தொப்பியை விட்டுப் போகாதீர்கள். ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று, செல்போன் வெளிச்சம் கணக்கில் சேராது.

இன்னொரு பொருள்: சீப்பு. தலை வாரும் சாதாரணச் சீப்பு. சோயா என்று ஒரு கள்ளி உண்டு (சோயா பீன்ஸுக்கும் இதற்கும் உறவில்லை). அதன் கணுக்கள் தொட்டாலே கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும், முள் உள்வாங்கிப் பிடிக்கும். கையால் பிடுங்கப் போனால் அந்தக் கையிலும் ஒட்டும். சீப்பை முள் உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து வெடுக்கென்று தள்ளிவிட வேண்டும். மிச்ச முள்ளுக்கு இடுக்கி. பாம்புகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் பொந்துக்குள் இருக்கும், ஆனாலும் வெயிலேறிய பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

படி 8: டூசான்

வொய் ஊருக்குத் திரும்பி 86ஆம் எண் சாலையில் கிழக்கே. டொஹோனோ ஓதாம் மக்களின் நிலத்தின் வழியாகவே பெரும்பகுதி போகும். வழியில் தெற்கே கட்டைவிரல் போல நிமிர்ந்து தெரியும் பாபோகிவாரி அவர்களின் புனித மலை. டூசானை நெருங்கும்போது கின்னி சாலையில் இடப்பக்கம் திரும்பினால் கில்பர்ட் ரே கேம்ப்கிரவுண்டு. கேட்ஸ் பாஸ் பக்கம் போகவே தேவையில்லை. ஜிபிஎஸ் குறுக்குவழி என்று அங்கே இழுக்கும், கேட்காதீர்கள். இந்தக் கேம்ப்கிரவுண்டு பீமா கவுண்டியின் இடம். இங்கே மின் இணைப்பு உண்டு. மூன்று இரவுக்குப் பிறகு அந்த பிளக்கைச் சொருகும்போது வரும் நிம்மதியை வீட்டில் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

பக்கத்திலேயே சவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதி. எழுத்தில் சகுவாரோ, வாயில் சவாரோ. கை தூக்கி நிற்கும் அந்த ராட்சதக் கள்ளிக்கு முதல் கை முளைக்கவே 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். இடுப்புயரத்தில் ஒன்றைப் பார்த்துக் குட்டிச்செடி என்று நினைக்காதீர்கள், உங்கள் பிள்ளையைவிட மூத்ததாக இருக்கும். வயதானவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் டெசர்ட் டிஸ்கவரி பாதை, தளம் போட்ட அரை மைல். காலில் வலுவிருந்தால் கிங் கேன்யன் வழியாக 4,687 அடி வாசன் சிகரம், போக வர சுமார் 7 மைல். அதற்கு மட்டும் எட்டு மணிக்கே கிளம்புங்கள்.

படி 9: வண்டியைத் திருப்பித் தருவது

டூசானிலிருந்து பீனிக்ஸுக்கு ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் 115 மைல். பிகாச்சோ பக்கம் காற்றடித்தால் புழுதி கிளம்பும். கண் தெரியாமல் போனால் சாலையை விட்டு நன்றாக வெளியே ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி உங்கள் மேலேயே வந்து ஏறுவார்.

கில்பர்ட் ரேயிலேயே டேங்க்குகளைக் காலி செய்துவிடுங்கள்; நிறைந்த டேங்க்கோடு கொண்டுபோய் நிறுத்தினால் அபராதம் போடுவார்கள். பெட்ரோல், ப்ரொபேன் அளவை எடுத்தபடியே நிரப்பி, மீட்டரைப் படம் எடுங்கள். கடைசியாகக் கட்டில் மெத்தைகளுக்கு அடியிலும் ஒரு முறை துழாவுங்கள். போன வருடம் எங்கள் சீப்பு அங்கேதான் தங்கிவிட்டது, பல்லிடுக்கில் ஒரு சோயா முள்ளோடு.